சிக்னல் வளைவு

மூன்று நாளாகப் பஞ்சசூலி இல்லை.
லாட்ஜ்காரர் திவான் சிங் காலையில் டீயோடு வந்து
ஜன்னலை அடைத்த வெள்ளையை நோக்கி விரல் நீட்டி
இது முதல் சிகரம், இது இரண்டாவது என
ஐந்தையும் எண்ணிக் காட்டுவார்.
நானும் தலையாட்டுவேன்.
அறை வாடகையில் அதுவும் சேர்த்தி.

காத்கோதாமில் இறங்கி ஜீப்பில் பதினோரு மணி நேரம்,
மடியில் யாருடையதோ முட்டைகோஸ் மூட்டை,
இரண்டு முறை வாந்தி.
அமைதி கேட்டு வந்தவளுக்கு
அமைதி இருந்தது.
சிறுத்தைக்குப் பயந்து
கழுத்தில் முள்பட்டை மாட்டிய கடைத்தெரு நாய்
குரைப்பதை விட்டுவிட்டு
வெயில் நகர நகர நகர்ந்து படுத்தது.
பள்ளிக்கூட மணியை
எதிர்மலை வாங்கி வைத்துக்கொண்டு
சாவகாசமாகத் திருப்பித் தந்தது.

சத்தத்தையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

ஊருக்கு மேலே, ஒற்றைத் தேவதாரு நிற்கும்
கொண்டை ஊசி வளைவில் மட்டும்தான்
செல்போனுக்கு உயிர் வரும்.
ஐந்து மணிக்குச் சால்வைகள் ஏறி வரும்.
பத்தடிக்கு ஒருவராக நின்று
ஆளுக்கொரு பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்துவார்கள்.
ராஜ்மா விலை. பசுவின் சினை. பத்தாம் வகுப்பு மார்க்.
ஓர் ஓரத்தில் அழுகை.
எனக்குத் தெரிந்த இந்திக்குச் சிக்கியது
ஹலோவும், கேட்குதாவும்.

நான்காம் நாள் நானும் போய் நின்றேன்.
பேச ஆளில்லை; சும்மா, கூட்டத்துக்காக.
ஹன்ஸா பார்த்துவிட்டாள்.
லாட்ஜுக்குப் பால் ஊற்றுகிறவள்.
இடுப்பில் பிள்ளை,
பிள்ளையின் நெற்றியில் தையல் பிரித்த தழும்பு
இன்னும் சிவப்பாக.
மதராஸி? என்றாள்.
தலையாட்டி முடிக்குமுன்
அவள் போன் என் காதில்,
அவள் கன்னத்துச் சூட்டோடு.

"அக்கா வணக்கம்க்கா. நான் குந்தன்.
சேலத்துல, பஸ் ஸ்டாண்டு பக்கம்,
ஓட்டல்ல பரோட்டா போடறேன்."

பின்னால் கல்லின் சீறல்.
ஆறு வருஷத்துத் தமிழ், ஓரங்களில் முறுகியிருந்தது.
"பனி விழுந்துருச்சாக்கா?"
இன்னும் இல்லை என்றேன்.
"மால்டா பழுத்துருச்சா?"
பழுத்திருந்தது, வேலிக்கு வேலி.
பிறந்து வளர்ந்த மலையை
நாலு நாள் பார்த்தவளிடம் விசாரித்தான்.

பிறகு குரலைத் தாழ்த்தினான்.
இங்கே ஒருவருக்கும் புரியாத மொழிக்கு
எதற்குத் தாழ்த்தல்?
"அங்கிருந்து பாத்தா எங்க வீடு தெரியும்க்கா.
தண்ணித் தொட்டிக்குக் கீழ மூணாவது.
மழையில கூரைக் கல்லு சரிஞ்சுது. பணம் அனுப்புனேன்.
போட்டாச்சுன்னு சொல்றா.
போட்டிருக்கான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன்.
அந்த நேரம் பார்த்துத்தான்
வெள்ளை கிழிந்து கீழே சரிந்தது.
ஐந்தும் நின்றன, எண்ணத் தேவையில்லாமல்,
தணல் பிடித்த சிவப்பில்.
ஐந்து அடுப்பு என்றுதான் அதற்கு அர்த்தமாம்,
திவான் சிங் சொல்லியிருந்தார்.
அதன் வெளிச்சத்தில்
தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.
மூன்றாவது வீடு தெரிந்தது.
கூரைமேல் நீலத் தார்ப்பாய்,
அது பறக்காமலிருக்க வைத்த கற்கள்,
ஒரு பழைய டயர்.

ஹன்ஸா என் வாயையே பார்த்தாள்.
பிள்ளையின் குல்லாவைப்
புருவம் வரை இழுத்துவிட்டாள்.

"மேகம் மூடியிருக்கு தம்பி,
ஒண்ணும் தெரியல."

சேலத்தில் யாரோ
ரெண்டு கொத்து என்று கத்தினார்கள்.

"இந்த மாசத்துல, இந்நேரத்துக்கு
அங்க மேகம் இருக்காதேக்கா" என்றான்.
கல்லைச் சுரண்டும் சத்தம்.
"சரிக்கா" என்றான்.

போனைத் திருப்பித் தந்தேன்.
என்ன சொன்னார் என்று கேட்டாள்,
அந்த அளவுக்கு எனக்குப் புரியும்.
பதில் சொல்லும் அளவுக்கு வராது.
மால்டா என்றேன்.

அவள் சிரித்துவிட்டு
அவனிடம் சத்தமாக எதையோ தொடங்கினாள்.
வளைவில் பதினைந்து பேர் இருந்தோம்.
சிகரங்களுக்கு முதுகு காட்டி
எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.